லட்ச ரூபாய் அடுப்பும் எங்கள் ஆயாவும்

கரிநாள் என்றால் எங்கள் பக்கத்தில் காணும் பொங்கல். அன்றைக்கு வீட்டுக்கு வீடு கறி எடுப்பார்கள். இந்த வருடம் எங்கள் மாமா வீட்டிலும் கறி எடுத்தோம். அது கரியும் ஆனது. பெயருக்கு ஏற்ற பண்டிகை :-)

நடந்தது இதுதான். மாமா முப்பது வருடம் பிரான்சில் இருந்துவிட்டு பண்டசோழநல்லூருக்கே திரும்பி வந்து செட்டில் ஆனவர். (பாண்டிச்சேரி கிராமங்களில் தெருவுக்கு ஒரு 'பிரான்சு வீடு' இருக்கும், ஆச்சரியப்படாதீர்கள்.) அவருடைய சாமான்களோடு கப்பலில் வந்து இறங்கியது ஒரு ராட்சத முட்டை. 70 கிலோவுக்கு மேல் கனம். நாலு பேர் சேர்ந்து இறக்கினோம். தெருப் பிள்ளைகள் அது தண்ணீர்த் தொட்டியா, சாமி சிலையா என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டால், அடுப்பாம்! செராமிக் கரி அடுப்பு. சுடலாம், வாட்டலாம், புகை போடலாம், பீட்சாகூடச் செய்யலாம் என்றார் மாமா. விலை ஆயிரத்து இருநூறு யூரோ. நம்மூர்க் காசுக்கு லட்சத்தைத் தாண்டும்.

பி.காம் படிக்கிறவனுக்கு இதைக் கேட்டதும் முதலில் தோன்றியது, இதற்கு எந்த முறையில் தேய்மானம் போடுவது என்பதுதான். ஆயாவுக்குத் தோன்றியது வேறு. "அடுப்புக்கு எதுக்குடா மூடி? மூடுனா அவிஞ்சி பூடுமே" என்றார்.

இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்கான பதில்தான். இப்படி ஓர் அடுப்பு கையில் கிடைத்தால் எப்படித் தொடங்குவது என்பதையும், லட்சம் கொடுத்து இதை வாங்கலாமா என்பதில் என் கருத்தையும் சொல்லப்போகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்த வகை அடுப்புக்கு 'கமாடோ' என்று பெயர். ஜப்பானிய மொழியில் கமாடோ என்றால் அடுப்பு, அவ்வளவுதான். (இது தமிழிலிருந்து போன சொல் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், ப்ளீஸ்.) ஜப்பானில் சோறு வேக வைக்க 'முஷிகமாடோ' என்று மூடி போட்ட ஒரு மண் அடுப்பு இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் அதைப் பார்த்து மயங்கி ஊருக்குக் கொண்டுபோனார்கள். சோறு வடிக்கிற அடுப்பில் மாட்டையும் பன்றியையும் வாட்ட ஆரம்பித்தார்கள். 1974-இல் அட்லாண்டா நகரத்தில் எட் ஃபிஷர் என்பவர் இதை விற்க ஒரு கடை போட்டார். அதுதான் இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த 'பிக் கிரீன் எக்' கம்பெனி. ஆரம்பத்தில் விற்ற மண் அடுப்புகள் சில வருடத்தில் விரிசல் விட்டன. அதனால் சூட்டைத் தாங்குகிற செராமிக்குக்கு மாறினார்கள். ஆக, இந்த லட்ச ரூபாய்ப் பொருளின் பூர்வீகம் ஒரு ஏழைச் சோற்று அடுப்பு.

சரி, கரிநாள் கதைக்கு வருவோம்.

மாமா பிரான்சில் அதை ரெண்டு தடவைதான் பற்றவைத்திருக்கிறார் என்ற உண்மை பிறகுதான் வெளியே வந்தது. நாங்கள் செய்த தவறுகளை வரிசையாகச் சொல்கிறேன். கரியை விளிம்பு வரை கொட்டினோம். சீக்கிரம் பிடிக்கட்டும் என்று மண்ணெண்ணெய் தெளித்தோம். அடியில் இருக்கிற கதவையும் தலையில் இருக்கிற மூடித் துவாரத்தையும் முழுசாகத் திறந்துவிட்டு, போதாததற்கு டேபிள் ஃபேனை வேறு எதிரே வைத்தோம். கால் மணி நேரத்தில் மூடியிலிருந்த முள் 350 டிகிரியைத் தாண்டியது. நாட்டுக்கோழியை வைத்தோம். தோல் பத்தே நிமிடத்தில் கறுப்பு. உள்ளே எலும்பை ஒட்டி ரத்தம்.

மாமா பதறிப்போய் எல்லாத் துவாரத்தையும் அடைத்தார். முள் அசையவே இல்லை. ரெண்டு நிமிடம் பொறுத்துவிட்டு மூடியை ஒரே தூக்காகத் தூக்கினார். 'புஸ்' என்று ஒரு ஜுவாலை வெளியே பாய்ந்தது. மாமாவின் ஒரு பக்கப் புருவமும் முன்கை ரோமமும் காலி. நல்லவேளை, அதோடு போயிற்று.

மிஞ்சியது மண்ணெண்ணெய் வாடை அடிக்கிற ஒரு கறுப்புக் கோழி. ஆயா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கரிய வாங்கி கோழிய கரியாக்குனதுக்கு நேரா கரியவே தின்னுருக்கலாம்" என்றார். அன்றைக்கு அத்தை வைத்த ரசத்தால் மானம் தப்பியது.

நடந்ததை யோசித்துப் பார்த்தால் இந்த அடுப்பின் மொத்த ரகசியமும் அதிலேயே இருக்கிறது. கேஸ் அடுப்பில் நாம் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறோம். இதில் கரி எவ்வளவு இருக்கிறது என்பது முக்கியமே இல்லை. காற்றுதான் திருகு. அடியில் காற்று நுழையும், தலையில் சூடு வெளியேறும். ரெண்டையும் விரல் கனத்துக்குத் திறந்து வைத்தால் கரி தூங்கித் தூங்கி எரியும். முழுசாகத் திறந்தால் கொல்லன் உலை. சுவர் தடிமனான செராமிக் என்பதால் ஏறிய சூடு லேசில் இறங்காது. அதனால்தான் துவாரங்களை அடைத்தும் முள் இறங்கவில்லை. அடைத்த அடுப்புக்குள் எரியாத வாயு தேங்கியிருக்கும். மூடியைச் சட்டென்று தூக்கினால் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து அது ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். மாமாவின் புருவம் போன கதை அதுதான்.

இது புரியவில்லை என்றால் தெருமுனை இஸ்திரிக்காரரைப் பாருங்கள். அவருடைய கரிப்பெட்டியில் மூடி இருக்கிறது, பக்கவாட்டில் ஓட்டைகள் இருக்கின்றன, உள்ளே கொட்டாங்குச்சிக் கரி இருக்கிறது. சூடு குறைந்தால் பெட்டியை ரெண்டு ஆட்டு ஆட்டுவார், காற்று போகும், கரி கனியும். மூடி போட்ட கரி அடுப்பு நமக்குப் புதுசே இல்லை. அதில் கோழி வாட்டாமல் சட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

ரெண்டு வாரம் கழித்து இரண்டாவது முயற்சி. இந்த முறை ஆயா ஒரு மணைக்கட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். துவாரங்களைக் காட்டி, இது காற்று வர, இது காற்று போக என்று விளக்கினேன். ஒரு நிமிடம் பார்த்தார். "நீறு பூத்த நெருப்பு மாரி வெச்சிக்கணும், அதானே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காலத்தில் தீப்பெட்டி மிச்சம் பிடிக்க, ராத்திரி சமையல் முடிந்ததும் கங்கைச் சாம்பலால் மூடி வைப்பார்களாம். காற்று படாததால் கங்கு அணையாமலும் எரிந்து தீராமலும் விடியும் வரை கிடக்கும். காலையில் சாம்பலை விலக்கி, ஊதாங்குழலால் ரெண்டு ஊது ஊதினால் அடுப்பு தயார். பழமொழியில் மட்டும் நான் கேட்டிருந்த 'நீறு பூத்த நெருப்பு' உண்மையில் ஒரு அடுப்படித் தொழில்நுட்பம். மூடினால் அவிந்துவிடுமே என்று முதல் நாள் கேட்டவர், கொஞ்சமாக மூடினால் அவியாது என்பதை எழுபது வருடமாகச் செய்து வந்திருக்கிறார்.

அன்றைக்குச் செய்ததையும், அதற்குப் பிறகு ஏழெட்டு தடவை செய்து கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கரி: அச்சில் அழுத்திச் செய்த கரிக்கட்டிகள் வேண்டாம், அவற்றில் சாம்பல் அதிகம், அது அடித்தட்டை அடைத்துக் காற்றைத் தடுக்கும். மரக்கரிதான் சரி. நம்மூரில் சீமைக்கருவேலங்கரி தாராளமாகக் கிடைக்கும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் மூட்டம் போட்டு எரிக்கிறார்கள். பெரிய கட்டிகளை அடியிலும் சின்னதை மேலேயும் போடுங்கள். தூளைச் சலித்துக் கொட்டிவிடுங்கள்.

பற்றவைப்பது: மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் கூடாது. செராமிக் அந்த வாடையை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பல சமையலுக்கும் பரிமாறும். ஆயா காய்ந்த தென்னம்பாளையைக் கிழித்து நடுவில் ஒரே இடத்தில் சொருகிப் பற்றவைத்தார். மெதுவான சமையலுக்கு ஒரே இடம் போதும். நெருப்பு தானாக நகர்ந்து போகும்.

சூடு: புது அடுப்பானால் முதல் சில தடவை மிதமான சூட்டோடு நிறுத்துங்கள். மூடியின் விளிம்பில் ஒட்டியிருக்கிற துணிப்பட்டை படிந்து இறுக வேண்டும். அப்புறம் முக்கியமான பாடம், வேண்டிய சூட்டைத் தாண்டவே விடாதீர்கள். 120 டிகிரி வேண்டுமா, முள் 100 வரும்போதே துவாரங்களைச் சுருக்க ஆரம்பியுங்கள். ஏற்றுவது சுலபம், இறக்குவது கஷ்டம். (விலைவாசிக்கும் இதே விதிதான்.)

மூடி: சூடாக இருக்கும்போது முதலில் ரெண்டு விரல் அளவு தூக்கி, சில நொடி நிறுத்தி, காற்று உள்ளே போன பிறகு முழுதும் திறங்கள். திறக்கும்போது முகம் தள்ளியே இருக்கட்டும். சும்மா சும்மா திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் காற்று புகுந்து கரி கூடுதலாக எரியும்.

தடுப்பு: முழுக் கோழி, பெரிய இறைச்சித் துண்டு என்றால் கரிக்கும் கம்பிக்கும் நடுவே செராமிக் தட்டைப் போட வேண்டும். நேர் அனல் படாமல் சுற்றிவரும் சூட்டில் வேகும். எங்கள் முதல் கோழி வெளியே கரிந்து உள்ளே பச்சையாக இருந்ததற்கு இதை மறந்ததும் ஒரு காரணம். கோழியின் உள்சூடு 74 டிகிரி வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

புகை: இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கரி பற்றியதும் கெட்டியாக வெள்ளைப் புகை வரும். அந்த நேரத்தில் எதை வைத்தாலும் கசக்கும். பொறுத்திருந்தால் புகை மெலிந்து, லேசான நீலமாகி, கண்ணுக்கே தெரியாத மாதிரி ஆகும். அப்போதுதான் இறைச்சியை வைக்க வேண்டும். மேல்நாட்டு வல்லுநர்கள் எல்லாரும் ஓதுகிற வேதம் இது. ஆனால் கரிமூட்டம் போடுகிறவர்களும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள்! விறகை அடுக்கி, மண் பூசி, காற்றை அளந்து விட்டு, நாள்கணக்கில் காத்திருப்பார்கள். வெள்ளைப் புகை வந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. புகை மெலிந்து நீலமானால் கரி தயார். மூட்டத்தில் எங்காவது விரிசல் விட்டால் ஓடிப்போய் மண் அப்ப வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது சாம்பல்தான். யோசித்தால் அந்தக் கரிமூட்டமே ஒரு பெரிய கமாடோ. அதை ராத்திரி பகலாகக் காவல் காக்கிறவர், இந்த அடுப்பின் மொத்த வித்தையையும் கம்பெனிக் கையேடு இல்லாமலே தெரிந்தவர்.

வாசனைக்கு நாங்கள் காய்ந்த கொய்யாக் கட்டை ரெண்டு துண்டு போடுகிறோம். வேம்பு வேண்டாம், கசக்கும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் பக்கமே போகாதீர்கள், விஷம். புகை போட்ட உணவு நமக்கு அந்நியம் என்றும் நினைக்காதீர்கள். லட்சத்தீவு, மாலத்தீவுப் பக்கமிருந்து வரும் மாசிக் கருவாடு, சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் உலர்த்திச் செய்வதுதானே.

முடிந்ததும் தண்ணீர் ஊற்றாதீர்கள், செராமிக் வெடிக்கும். ரெண்டு துவாரத்தையும் அடைத்துவிட்டால் தானாக அணையும், மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். ரெண்டு மூன்று கிலோ கரியில், குறைந்த சூட்டில், பத்து மணி நேரம் தாராளமாக ஓடும். வீட்டுக்குள்ளோ மூடிய அறையிலோ மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். கரி நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மலைப்பிரதேசத்தில் அறைக்குள் கரி நெருப்பை வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகளை எல்லோரும் படித்திருப்போம்.

இரண்டாவது கோழி எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆயாவுக்குப் பல் இல்லை, ஆனால் தொடைக்கறி அவருக்கே மென்று விழுங்குகிற பதத்தில் இருந்தது. "பரவால்ல" என்றார். ஆயாவிடம் அதுதான் நூற்றுக்கு நூறு.

இப்போது என் கருத்து. வாங்கலாமா?

ருசியைப் பொறுத்தவரை, அது சும்மா இல்லை. பிரியாணிக்கு தம் போடத் தெரிந்த நமக்கு இதன் அருமை சீக்கிரம் புரியும். ஆனால் அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் ஆயாவிடம், "பழைய மண் அடுப்பையே திரும்பப் போட்டுடலாமா ஆயா, ருசி இன்னும் நல்லாருக்குமே?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நீ ஊதுறியா?" என்றார்.

அந்த ரெண்டு வார்த்தையில் நான் வாயடைத்துப் போனேன். ஆயாவுக்கு இன்றைக்கும் விடியற்காலையில் இருமல் வரும். ஐம்பது வருடம் ஜன்னல் இல்லாத அடுப்படியில் ஈர விறகையும் வறட்டியையும் ஊதியவர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். கேஸ் வந்தது அவருக்கு விடுதலை. நான் வாரம் ஒருநாள் தோட்டத்தில் நின்று, பிடித்தால் பற்றவைப்பேன், பிடிக்காவிட்டால் மூடி வைப்பேன். அவருக்கு அந்த வசதி ஒருநாளும் இருந்ததில்லை. அதே புகை எனக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு நோய். 'அந்தக் காலத்து ருசி' என்று உருகுகிற நாம் இதை மறக்கவே கூடாது.

அதே சமயம், நெருப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எங்கள் அம்மாவுக்குப் பாதிதான் தெரியும், எனக்கு ஒன்றுமே தெரியாது. அந்த அறிவை நாம் ஏழ்மையோடு சேர்த்துக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டோம். இன்னொருவன் அதற்கு ஒரு மூடி போட்டு, முள் வைத்து, வாரண்டி கொடுத்து லட்ச ரூபாய்க்கு விற்கிறான். கணக்கியல் மொழியில் சொன்னால் நம்முடைய நல்லெண்ண மதிப்பை நாமே பூஜ்யம் என்று எழுதி வைத்திருக்கிறோம்.

எங்களுக்குப் பக்கத்தில் வில்லியனூர். அங்கே செய்யும் சுடுமண் பொருட்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் கலைக்காக வி.கே.முனுசாமி அவர்களுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். புதுச்சேரி டவுனில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி இருக்கிறது. மிக உயர்ந்த சூட்டில் சுடுகிற ஸ்டோன்வேர் வித்தையை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்த இடம். அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோது அதிகம் கிடைத்ததும் பானை ஓடுகள்தான். மண்ணைச் சுடுவதில் இந்த வட்டாரத்துக்கு அப்படி ஒரு அனுபவம். இருந்தும் எங்கள் பக்கத்துச் சந்தையில் மண் அடுப்பு சில நூறு ரூபாய், அதுவும் பொங்கல் சமயத்தில் பேரம் பேசித்தான்.

சாதாரணச் சுடுமண்ணையோ ஸ்டோன்வேரையோ அப்படியே கமாடோவாக்க முடியாது, தெரியும். நெருப்பையும் திடீர்ச் சூட்டையும் தாங்கத் தனிக் கலவை வேண்டும், மூடி மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். லட்ச ரூபாயில் பெரும்பகுதி அதற்குத்தான். ஆனால் ஜப்பான் மண் அடுப்பும் விரிசல் விட்டுக்கொண்டிருந்த ஒன்றுதானே? யாரோ ஒருவர் அதை உட்கார்ந்து திருத்தினார். இங்கே குயவரும், பொறியியல் படித்தவரும், விற்கத் தெரிந்த எங்களைப் போன்ற வணிகவியல்காரனும் ஒரே திண்ணையில் உட்காரவில்லை. பட்டத்தைக் கொடுத்தோம், குறியீட்டைக் கொடுத்தோம், ஆர்டர் கொடுக்கவில்லை.

எனவே என் தீர்ப்பு: லட்சம் சும்மா கிடந்தால் வாங்குங்கள், ஏமாற மாட்டீர்கள். இல்லாவிட்டால் ஒரு மண் கரி அடுப்பும் ரெண்டு கிலோ கரியும் வாங்கி, மொட்டை மாடியில் ரெண்டு சங்கரா மீன் சுட்டுப் பழகுங்கள். எங்கே காற்று போகிறது, புகை என்ன நிறம், கங்கு எப்போது கனிகிறது என்று பாருங்கள். அது பிடிபட்டால் எந்த அடுப்பும் உங்களுக்கு அடங்கும். வீட்டில் ஆயா இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். ஊதுகிற வேலையை மட்டும் நீங்கள் செய்யுங்கள்.

டிஸ்கி: மாமாவுக்குப் புருவம் மறுபடி முளைத்துவிட்டது. அடுத்த கரிநாளுக்கு வஞ்சிரம் வைப்பதாக இருக்கிறார். ரசத்துக்கும் அத்தையிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம்.